பாகோர் கி ஹவேலியும் உதய்ப்பூர் ஏரிக்கரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாகோர் கி ஹவேலி அரண்மனையா, வீடா?

வீடுதான். ராஜஸ்தானின் உதய்ப்பூரில், பிச்சோலா ஏரியின் கிழக்குக் கரையில், கங்கௌர் படித்துறையை ஒட்டி நிற்கும் பெரிய வீடு. உதய்ப்பூரைத் தலைநகராகக் கொண்ட மேவார் அரசின் பிரதம மந்திரியாக 1751 முதல் 1778 வரை இருந்த அமர் சந்த் பட்வா கட்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள், நடுநடுவே முற்றங்கள், ஏரியைப் பார்த்த மாடங்கள். அரண்மனையைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்கள் "சின்னதாக இருக்கிறதே" என்பார்கள். அந்தச் சின்ன அளவில்தான் அதன் சுவாரசியம் இருக்கிறது. அரண்மனையில் அரசர் எப்படிக் காட்சி கொடுத்தார் என்று தெரியும். அந்தக் காலத்து மேவாரில் பெரிய குடும்பம் ஒன்று எங்கே படுத்தது, எங்கே குளித்தது, எங்கே சொக்கட்டான் ஆடியது என்பது ஹவேலியில்தான் தெரியும்.

மந்திரி கட்டிய வீட்டுக்கு "பாகோர்" என்ற பெயர் எப்படி வந்தது?

பட்வா இறந்த பிறகு வீடு மேவார் அரச குடும்பத்தின் கைக்குப் போனது. அரசரின் உறவினரான நாத் சிங் அங்கே குடியேறினார். அவர் பாகோர் என்ற ஜமீனின் தலைவர். அந்த ஊர் இன்றைய பில்வாரா மாவட்டத்தில் இருக்கிறது. அதனால் வீடும் பாகோர்க்காரர்களின் வீடு ஆனது. 1878-இல் பாகோர் மகாராஜா சக்தி சிங், படித்துறைப் பக்கம் மூன்று வளைவுகள் கொண்ட வாசலைக் கட்டினார். இன்று உதய்ப்பூர் என்றதும் படங்களில் வருகிற, புறாக்கள் பறக்கும் வளைவு அதுதான்.

இன்னொரு விஷயம் தெரிந்தால் ஊரையே வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் மகாராணாக்கள் எனப்படும் மேவார் அரசர்களுக்கு நேர் வாரிசு இல்லாமல் போனபோது, தொடர்ந்து நான்கு முறை பாகோர் கிளையிலிருந்துதான் பிள்ளை எடுத்தார்கள். சர்தார் சிங், ஸ்வரூப் சிங், சம்பு சிங், சஜ்ஜன் சிங் என்று வரிசையாக நான்கு மகாராணாக்கள் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களில் சஜ்ஜன் சிங், மேலே சொன்ன சக்தி சிங்கின் மகன். மகாராணாக்களின் அரண்மனையான சிட்டி பேலஸின் கண்ணாடி மயில்கள், மலை உச்சியில் தெரியும் சஜ்ஜன்கட் மாளிகை, படிகக் கூடம் என்று நீங்கள் பார்க்கப்போகும் பாதி இடங்கள் அவர் தொடங்கிவைத்தவை. அத்தனையும் செய்தவர் 25 வயதில் இறந்துபோனார்.

உள்ளே எதைத் தவறவிடக் கூடாது?

நேராக மாடிக்குப் போய் பெண்கள் பகுதியான ஜனானாவிலிருந்து தொடங்குங்கள். கீழே உள்ள காட்சிக்கூடங்களில் நேரத்தைச் செலவழித்துவிட்டு மேலே போகும்போது கால் சோர்ந்துவிடும். ராணியின் அறையில் சுவரில் பதித்த இரண்டு மயில்கள் இருக்கின்றன. நகத்தளவு வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் சுண்ணாம்புப் பூச்சில் பதித்துச் செய்தவை. நேர் எதிரே நின்று பார்ப்பதைவிட, ஓரமாக நின்று ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது பாருங்கள். துண்டுகள் ஒரே மட்டத்தில் இல்லாததால் ஒவ்வொன்றும் வெவ்வேறு கோணத்தில் மின்னும்.

படுக்கையறை, ஒப்பனை அறை, குளியலறை, பூஜை அறை எல்லாம் பழைய பொருட்களோடு வைக்கப்பட்டிருக்கின்றன. பாக்குவெட்டி, வெற்றிலைப் பெட்டி, பன்னீர்ச் செம்பு போன்றவை நமக்கு அறிமுகமானவையே. சுவரோவியங்களையும் கவனியுங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அரசு ஊழியர்கள் குடியிருந்த காலத்தில் வீடு பராமரிப்பின்றிச் சிதைந்திருந்தது. 1986-இல் மேற்கு மண்டலப் பண்பாட்டு மையத்திடம் ஒப்படைத்த பிறகு பழுதுபார்த்தபோது, வெள்ளையடித்த சுவர்களுக்குள் இந்த ஓவியங்கள் வெளிப்பட்டன. சில இடங்களில் நிறம் திட்டுத்திட்டாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

தலைப்பாகைக் கூடமும் பொம்மலாட்டப் பொம்மைகளும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஒரே ஆள் சுமக்கவே முடியாத ராட்சதத் தலைப்பாகை ஒன்று இருக்கிறது. உலகக் கட்டடங்களைத் தெர்மோகோலில் செய்துவைத்த கூடத்தை நேரம் இல்லாதவர்கள் தயங்காமல் தாண்டலாம்.

வீட்டைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் தாராளம். காலை பத்துக்கு மேல், மாலை நாலரைக்குள் நுழைந்துவிட்டால் சிக்கல் இல்லை.

பகல் டிக்கெட்டிலேயே மாலை நடன நிகழ்ச்சியும் பார்க்கலாமா?

முடியாது. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். அருங்காட்சியகத்துக்கு ஒரு டிக்கெட், "தரோஹர்" என்ற மாலை நிகழ்ச்சிக்கு வேறு டிக்கெட். கேமராவுக்கும் தனிக் கட்டணம் உண்டு. கட்டணம் அவ்வப்போது மாறும். கவுண்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

நிகழ்ச்சி மாலை 7 மணிக்குத் தொடங்கி 8 மணிக்கு முடியும். வீட்டின் வேப்பமர முற்றத்தில், திறந்த வெளியில் நடக்கும். இருக்கைக்கு எண் கிடையாது. முதலில் வருபவர்களுக்கு முதல் இடம். டிசம்பர் கடைசி, தீபாவளி விடுமுறை, சனி ஞாயிறு போன்ற நாட்களில் ஆறு மணிக்கெல்லாம் வரிசை தெருவுக்கு வந்துவிடும். அந்த நாட்களில் ஏழுக்குச் சரியாகப் போனால் டிக்கெட் தீர்ந்திருக்கும், அல்லது தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைக்கும். குடும்பத்தில் ஒருவரை வரிசையில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் எதிரே படித்துறையில் உட்கார்ந்திருப்பது நல்ல வழி.

எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்?

முன்வரிசை தரை மெத்தை. சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் உட்கார முடிந்தவர்கள் அங்கேயே போகலாம். காலில் கட்டிய தாளங்களையும் உடைந்த கண்ணாடி மேல் நடக்கும் பாதத்தையும் அங்கிருந்துதான் தெளிவாகப் பார்க்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்குப் பின்னால் நாற்காலி உண்டு. ஆனால் முன்னால் இருப்பவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் மறைக்கும். ஓரங்களைவிட நடுவே இருப்பது நல்லது. குளிர்காலத்தில் சால்வை கட்டாயம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஏரிக்காற்று நம் ஊர் மார்கழியைப் போல இரண்டு மடங்கு குளிரும்.

என்னென்ன நடனங்கள் இருக்கும்?

சரீ, தேரா தாலி, கூமர், பவாய், இடையே பொம்மலாட்டம் என்று போகும். வரிசை மாறலாம். சரீ நடனத்தில் பெண்கள் தலையில் பித்தளைக் குடத்தை வைத்து, அதில் நெருப்பு எரிய எரிய ஆடுவார்கள். கிஷன்கட் பகுதிக் குஜ்ஜர் சமூகத்தாரின் நடனம் அது. தேரா தாலி என்பது காமட் சமூகப் பெண்களுடையது. காலிலும் கையிலும் மொத்தம் பதின்மூன்று சிறு தாளங்களைக் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடியே, கையில் கயிறு கட்டிய தாளத்தை வீசி ஒவ்வொன்றையும் குறிதவறாமல் தட்டுவார்கள். பாபா ராம்தேவ் என்ற நாட்டுப்புறத் தெய்வத்தின் பாடல்களுக்கு ஆடுவது. கேட்க எளிதாகத் தோன்றும். வேகம் கூடக் கூட எந்தத் தாளம் எங்கே ஒலிக்கிறது என்று கண்ணால் தொடர முடியாது.

கடைசியில் வரும் பவாய்க்குத்தான் கூட்டம் காத்திருக்கும். தலையில் குடத்தின் மேல் குடமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். கரகாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் அந்த அடுக்கின் உயரம் வியப்பளிக்கும். விளக்கவுரை இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். மொழி புரியாவிட்டாலும் இழப்பு இல்லை.

சிட்டி பேலஸையும் ஹவேலியையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும், வரிசை சரியாக இருந்தால். காலை 9.30-க்குச் சிட்டி பேலஸ் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் சேர்ந்துவிடும். உள்ளே ஒருவழிப் பாதை, ஆள் பக்கவாட்டில் போகிற அளவு படிக்கட்டுகள். பின்னால் வரும் கூட்டம் தள்ளிக்கொண்டே போகும், நின்று பார்க்க விடாது. இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்து எழுந்து, மூன்று மணிக்கு ஹவேலி, நாலரைக்கு ஜகதீஷ் கோயில், ஐந்தே முக்காலுக்குத் தரோஹர் வரிசை. எல்லாம் பத்து நிமிட நடைக்குள்தான்.

மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? மதியம் பேலஸுக்குப் போனால் கூட்டத்தில் சிக்கி வெளியே வருவதற்குள் மாலை ஆகிவிடும். ஹவேலியின் மாடி அறைகள் மூடியிருக்கும். நிகழ்ச்சியை மட்டும் பார்த்துவிட்டு "ஹவேலி பார்த்தாச்சு" என்று ஊர் திரும்புபவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

சிட்டி பேலஸில் நேரம் குறைவு என்றால் எதைப் பார்ப்பது?

இரண்டு இடங்கள். முதலாவது மோர் சௌக் என்ற மயில் முற்றம். சஜ்ஜன் சிங் காலத்தில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் சுவரில் எழுப்பிய மயில்கள். ஹவேலியின் மயில்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அதே கைவேலை அரசரின் பணத்தில் எவ்வளவு பெரிதாகிறது என்று தெரியும்.

இரண்டாவது பாடி மஹல். நான்கு மாடி ஏறிப் போனால் அங்கே பெரிய மரங்களோடு ஒரு தோட்டம் இருக்கும். மொட்டைமாடியில் மண் கொட்டி வளர்த்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அரண்மனையை ஒரு குன்றைச் சுற்றிக் கட்டினார்கள். அந்தக் குன்றின் தலைதான் அந்தத் தோட்டம். மரங்களின் வேர் இறங்குவது நிலத்தில்தான்.

வாசல்கள் தாழ்வாகவும் படிகள் குறுகலாகவும் இருப்பது பகைவர் கூட்டமாக நுழையாமல் தடுக்க. உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளவும்.

படிகக் கூடத்துக்குத் தனி டிக்கெட். படம் எடுக்க அனுமதி இல்லை. 1877-இல் சஜ்ஜன் சிங் பர்மிங்ஹாமின் ஆஸ்லர் நிறுவனத்துக்குச் சொல்லிச் செய்வித்த படிக நாற்காலி, மேசை, கட்டில் எல்லாம் இருக்கின்றன. பெட்டிகள் பிரிக்கப்படும் முன்பே அவர் காலமாகிவிட்டார். கண்ணாடிப் பொருட்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும் பரிந்துரைப்போம், கட்டணம் அதிகம்.

ஜகதீஷ் கோயில் எப்போது திறந்திருக்கும்?

மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலையில் சீக்கிரமோ நான்கு மணிக்குப் பிறகோ போங்கள். முதலாம் ஜகத் சிங் 1651-இல் கட்டிய விஷ்ணு கோயில். தெருவிலிருந்து 32 செங்குத்துப் படிகள். மூலவர் கருங்கல் மூர்த்தி; எதிரே பித்தளையில் கருடன். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏற வேண்டும். வெயில் காலத்தில் படிக்கல் கொதிக்கும் என்பதால் காலுறை போட்டுக்கொள்வது உத்தமம். நம் கோபுரம் போல வாசலில் உயரம் இருக்காது. கருவறைக்கு மேல்தான் சிகரம் எழும். அடிப்பீடத்தில் யானை, குதிரை, மனிதர்கள் என்று வரிசை வரிசையாகச் செதுக்கியிருப்பதைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும்.

எந்தப் படகில் போவது?

சிட்டி பேலஸ் வளாகத்துக்குள் இருக்கும் ராமேஷ்வர் துறையிலிருந்து போகும் படகு ஜக் மந்திர் தீவில் இறக்கிவிடும். மாலைப் பயணத்துக்குக் கட்டணம் கூடுதல். தூத் தலாய், லால் காட் பக்கமிருந்து போகும் படகுகள் மலிவு. பெரும்பாலும் ஏரியைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். தீவில் இறங்க ஆசை இருந்தால் டிக்கெட் வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜக் மந்திரில் இறங்குவது வீண் அல்ல. தந்தை ஜஹாங்கீரை எதிர்த்துக் கிளம்பிய இளவரசர் குர்ரம் 1620-களில் அடைக்கலம் புகுந்தது இங்கேதான். அவர் பின்னாளில் ஷாஜஹான் ஆனார். 1857 கலகத்தின்போது நீமச்சிலிருந்து தப்பிய ஐரோப்பியக் குடும்பங்களுக்கும் இதே தீவில்தான் மகாராணா இடம் கொடுத்தார்.

ஏரி நடுவே வெள்ளை வெளேர் என்று நிற்கும் லேக் பேலஸ் 1740-களில் கட்டிய ஜக் நிவாஸ். இப்போது ஹோட்டல். அங்கே தங்குபவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. "உள்ளே கூட்டிப்போகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஏரியில் எல்லாக் காலத்திலும் தண்ணீர் இருக்குமா?

பிச்சோலா இயற்கை ஏரி அல்ல. 14-ஆம் நூற்றாண்டில் தானியம் ஏற்றிச் செல்லும் பஞ்சாரா வணிகர் ஒருவர் ஓடையைத் தடுத்துக் கட்டியதாகச் சொல்வார்கள். பிறகு இரண்டாம் உதய் சிங் கரையை உயர்த்தினார். நம் ஊர் ஏரிகளைப் போல மழையை நம்பியதுதான். மழை பொய்த்த ஆண்டுகளில் வறண்டு, லேக் பேலஸ் வரை நடந்தே போகிற நிலை வந்ததுண்டு. மழை பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில். ஆகவே செப்டம்பரிலிருந்து ஏரி நிறைந்திருக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை வானிலையும் ஒத்துவரும். மே மாதம் நாற்பது டிகிரிக்கு மேல் வெயில், நீரும் இறங்கியிருக்கும். பள்ளி விடுமுறை என்பதற்காக மட்டும் மே மாதம் கிளம்ப வேண்டாம்.

ஹோலிக்குப் பிறகு வரும் கங்கௌர் திருவிழாவில் ஈசர் (சிவன்), கங்கௌர் (பார்வதி) பொம்மைகளைப் பெண்கள் தலையில் சுமந்து ஹவேலி எதிரே உள்ள படித்துறைக்கு ஊர்வலமாக வருவார்கள். பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் அன்று மாலை அந்தத் தெருவில் வண்டி நுழையாது.

சஜ்ஜன்கட்டுக்கு எப்படிப் போவது?

ஊருக்கு மேற்கே பான்ஸ்தரா மலை உச்சியில், கடல் மட்டத்திலிருந்து 944 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பல மாடிகள் எழுப்பி மழைமேகங்களின் போக்கைக் கவனிக்கும் இடமாக ஆக்க சஜ்ஜன் சிங் நினைத்தார். 1884-இல் அவர் இறந்ததும் திட்டம் சுருங்கியது. அடுத்து வந்த பதே சிங் சிறிதாகக் கட்டி முடித்தார். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. காட்சிதான் எல்லாம்.

மலை வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருவதால் அடிவாரத்தில் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். ஆட்டோ கீழ் வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து பகிர்வு வண்டியில் மேலே போகலாம். அஸ்தமனம் பார்க்கப் போகிறவர்கள் அரை மணி முன்னதாகப் போகாமல் ஒன்றரை மணி முன்னதாகப் போங்கள், கீழே வண்டிக்குக் காத்திருக்க வேண்டிவரும். திரும்பி வர ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிப் போகவர மொத்தமாகப் பேசிக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு வாசலில் வேறு ஆட்டோ கிடைப்பது கஷ்டம். இதையும் தரோஹரையும் ஒரே மாலையில் திணிக்க முடியாது.

காசில்லாமல் அஸ்தமனம் பார்க்க இடம் உண்டா?

அம்ப்ராய் படித்துறை. ஹவேலியிலிருந்து நடைபாலம் வழியாக எதிர்க்கரைக்குப் போனால் பத்து நிமிடம். சூரியன் மேற்கே சாய, அந்த வெளிச்சம் எதிரே இருக்கும் சிட்டி பேலஸ் மேல் விழும். சூரியனைப் பார்க்காமல் அதற்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டிய இடம்.

வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

ஹவேலியின் மாடிப்படிகள் செங்குத்து, சில இடங்களில் கைப்பிடி இல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் கீழ்முற்றத்தோடு நிற்க வேண்டியதுதான். மாலை நிகழ்ச்சி அவர்களுக்கு ஏற்றது. ஏரியை மேலிருந்து பார்க்க ஆசைப்பட்டால், சஜ்ஜன்கட்டைவிட தூத் தலாயிலிருந்து கர்ணி மாதா கோயிலுக்குப் போகும் ரோப்வே சுலபம்.

எங்கே தங்குவது, ஆட்டோ எதுவரை வரும்?

ஜகதீஷ் சௌக் பக்கம் தங்கினால் எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். ஆனால் சந்துகள் குறுகல், ஒரு கார் எதிரே வந்தால் தெருவே நின்றுவிடும். பெட்டிகளோடு வருபவர்கள் விடுதியைக் கூப்பிட்டு எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று முன்பே கேளுங்கள். சொந்த வண்டியில் வருபவர்கள் பழைய நகருக்குள் நுழையவே வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிப் போவது?

சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் அகமதாபாத் போய், அங்கிருந்து மாறுவது பலரும் எடுக்கும் வழி. அகமதாபாத்திலிருந்து உதய்ப்பூருக்கு அகலப்பாதை 2022 அக்டோபர் 31-இல் திறக்கப்பட்டது. கவனம்: அந்த ரயில்கள் அசார்வா நிலையத்திலிருந்து கிளம்புகின்றன; நீங்கள் இறங்கும் பெரிய நிலையம் வேறு. இடையே ஆட்டோ பிடிக்க ஒரு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். சாலை வழியாகச் சுமார் 260 கிலோமீட்டர். கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்தவர்கள் மைசூரிலிருந்து கிளம்பும் உதய்ப்பூர் ஹம்சஃபரையும் பார்க்கலாம். விமான நிலையம் டபோக்கில், ஊரிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர்.

இரண்டாம் நாள் இருந்தால்?

காலையில் பதே சாகர் ஏரிக்கரை, பிறகு சஹேலியோன் கி பாரி தோட்டம். இரண்டாம் சங்கிராம் சிங் அரண்மனைப் பெண்களுக்காக அமைத்தது; நீரூற்றுகள் ஓடும்போதுதான் அழகு. பொம்மலாட்டம் பிடித்தவர்கள் 1952-இல் தொடங்கிய பாரதிய லோக் கலா மண்டலுக்குப் போகலாம். கூட்டமே இல்லாத இடம் வேண்டுமென்றால் ஆஹட்: மகாராணாக்களின் நினைவு மண்டபங்களான சத்திரிகள் வெண்பளிங்கில் நெருக்கமாக நிற்கின்றன. டிசம்பர் பின்பாதியில் போகிறவர்கள் சில்ப்கிராம் கைவினைத் திருவிழாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹவேலியை நடத்தும் அதே மையம்தான் அதையும் நடத்துகிறது.

"ஓவியப் பள்ளி, வந்து பாருங்கள்" என்று கூப்பிடுகிறார்களே?

பெரும்பாலும் கடைதான். சுண்டுவிரல் நகத்தில் யானை வரைந்து கொடுத்து, அப்படியே விற்பனைக்கு வருவார்கள். பார்ப்பதில் தவறில்லை, வாங்குவதென்றால் இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் கடையில் அவருடைய கமிஷனும் விலையில் சேர்ந்திருக்கும். அச்சடித்த படத்தின் மேல் லேசாக வண்ணம் தீட்டியதையும் கையால் வரைந்தது என்று விற்பதுண்டு. பூதக்கண்ணாடி கேளுங்கள், நல்ல கடைக்காரர் தானே எடுத்துக் கொடுப்பார். உள்ளே சீரான சிறுபுள்ளிகள் தெரிந்தால் அது அச்சு; முடி போல மெல்லிய கோடுகள் தடிப்பாகத் தொடங்கி மெலிந்து முடிந்தால் தூரிகை.